குச்சிக்கிழங்கு காட்டுப் பொண்ணு அக்ரி கேம்ப்புக்குப் போகலாமா?

கேள்வி: மேடம், நாங்க ஆத்தூர் பக்கம் ஒரு கிராமம். மூணு ஏக்கர்ல குச்சிக்கிழங்கு (மரவள்ளி), கொஞ்சம் மக்காச்சோளம். பொண்ணு கவர்ன்மென்ட் பெண்கள் ஸ்கூல்ல ஆறாவதுல இருந்து படிக்கறா, இப்ப பயோ மேத்ஸ் குரூப், ப்ளஸ் ஒன் முடிச்சிருக்கா. ஒரு வேளாண்மைக் கல்லூரியில மே மாசம் 12 நாள் தங்கற மாதிரி சம்மர் கேம்ப்பாம், வேளாண் அறிவியல்ல என்னென்ன படிப்பு இருக்கு என்னென்ன வேலை இருக்குன்னு காட்டுவாங்களாம், சாப்பாடு ஹாஸ்டலோட 3,500 ரூபா. பயாலஜி டீச்சர் அனுப்பச் சொல்றாங்க, இவளும் போயே தீருவேன்னு நிக்கறா. அவங்கப்பா "மண்ணுல கிடந்து நாம சாகறது பத்தாதா, மம்முட்டி பிடிக்கவா இவளைப் படிக்க வைக்கறோம், அந்தக் காசுக்கு நீட் கோச்சிங் அனுப்பு"ங்கறாரு. எனக்கு ரெண்டு பேர்கிட்டயும் பேச முடியல. அனுப்பலாமா? பொம்பளப் புள்ளைய தனியா விடவும் பயமா இருக்கு. – ஒரு அம்மா

பதில்:

மேடம் எல்லாம் வேண்டாம்மா, அக்கான்னே கூப்பிடுங்க. முப்பது வருஷமா பூச்சியியல்ல குப்பை கொட்டறேன், அதுல எட்டு வருஷம் எங்க காலேஜ்ல நடந்த இதே மாதிரி கேம்ப்புக்கு நான்தான் பொறுப்பு, அதனால உள்ள என்ன நடக்கும்னு கொஞ்சம் தெரியும். அனுப்புங்க. ஆனா ஒரு போன் போட்டு சில விஷயம் விசாரிச்சுட்டு அனுப்புங்க, என்ன விசாரிக்கணும்னு கீழ சொல்றேன்.

முதல்ல உங்க வீட்டுக்காரர் பேச்சுக்கு வர்றேன், அவர் சொல்றதுல தப்பு ஒண்ணும் இல்ல. நான் அக்ரி சேர்றேன்னு சொன்னப்ப எங்கப்பாவும் "ஏர் ஓட்டறதுக்கு எதுக்குடி காலேஜு"ன்னுதான் கேட்டாரு, ரெண்டு நாள் பேசக்கூட இல்ல. மண்ணுல பட்டவங்களுக்குத்தான் அந்தக் கோவம் வரும். ஆனா அவருகிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க, காட்டுல நட்டிருக்கறது என்ன ரகம்னு. உங்க பக்கம் பாதிப் பேரு 226-ன்னுதான் சொல்லுவாங்க. அந்த 226 எங்க இருந்து வந்துச்சு? திருவனந்தபுரத்துல ஸ்ரீகாரியம்னு ஒரு இடம், அங்க மத்திய கிழங்கு ஆராய்ச்சி நிலையம் 1963-ல ஆரம்பிச்சாங்க, அங்க உக்காந்து யாரோ ஒருத்தர் ஒரு செடியோட மகரந்தத்தை எடுத்து இன்னொரு செடிப் பூவுல வச்சு, வந்த விதையெல்லாம் முளைக்க வச்சு, வருஷக்கணக்கா பொறுக்கிப் பொறுக்கி 1971-ல வெளிய விட்டதுதான் எச்-226. அவங்களும் சம்பளத்துக்கு வேலை பாத்தவங்கதான், சாயங்காலம் ஆனா வீட்டுக்குப் போனவங்கதான். உங்க வீட்டுக்காரர் பொண்ணு அந்தப் பக்கம் போகணும்னு கேக்கறா, மம்முட்டி பக்கம் இல்ல.

இன்னொண்ணு, இது அவருக்கு நல்லாவே வலிக்கற இடம். கிழங்கைப் பிடுங்கி லாரில ஏத்தி சேகோ (ஜவ்வரிசி) பேக்டரிக்கு அனுப்பினா அங்க பாயிண்ட் பாத்துத்தானே காசு, அதாவது கிழங்குல மாவு எவ்வளவு இருக்குங்கற கணக்கு, 27 வரும்னு நெனச்சுப் போனா 23-ன்னு எழுதுவாங்க, அந்தத் தராசுல என்ன நடக்குதுன்னு நமக்குப் புரியாது, புரியாததுனால எதிர்த்துக் கேக்கவும் முடியாது. நாங்க கேம்ப்ல அதையே ஒரு நாள் பாடமா வச்சோம். மண்ணு போகக் கழுவின கிழங்கு 5 கிலோ எடுத்து ஒரு கம்பிக்கூடையில போட்டு, தராசுல இருந்து தொங்கவிட்டு அப்படியே தண்ணித் தொட்டிக்குள்ள இறக்கிடணும். வெளிய 5 கிலோ காட்டினது தண்ணிக்குள்ள போனா அரைக்கிலோவுக்கு முன்ன பின்னதான் காட்டும், பசங்க முதல்ல தராசு கெட்டுப் போச்சுன்னு சொல்லுவாங்க. மாவு தண்ணியை விட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனம், அதனால கிழங்குல மாவு அதிகமா இருந்தா தண்ணிக்குள்ளயும் எடை கூடக் காட்டும், நீர் கோத்த கிழங்குன்னா குறையும், அவ்வளவுதான் பாயிண்ட்டு. அப்புறம் ஒரே காட்டுக் கிழங்குல அன்னிக்குப் பிடுங்கினதையும் மூணு நாள் கிடந்ததையும் குறுக்க வெட்டிப் பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டுவோம், கிடந்ததுல நரம்பு நரம்பா நீலக்கருப்பு ஓடியிருக்கும். ராசிபுரம் பக்கத்துப் பையன் ஒருத்தன் அதைப் பாத்துட்டு ரொம்ப நேரம் பேசவே இல்ல, கடைசியில "லாரி வர லேட்டாச்சுன்னா நஷ்டம் எங்களுக்குத்தானா மேடம்"னு கேட்டான். ஆமாடான்னு சொல்றதைத் தவிர எங்கிட்ட பதில் இல்ல. அவன் இப்ப உணவுத் தொழில்நுட்பம் படிச்சுட்டு ஒரு கம்பெனியில குவாலிட்டி பாக்கறான்.

இந்த மாதிரி கேம்ப்ல நல்லதும் இருக்கு, உதவாததும் இருக்கு, இதை ஒளிக்காம சொல்லணும். நாங்க நடத்தின முதல் வருஷமே சொதப்பல்தான். ஏசி ஹால்ல உக்கார வச்சு காலையில இருந்து சாயங்காலம் வரை ஒரு துறைக்கு ஒருத்தர் வந்து பிபிடி போட்டுட்டுப் போனாங்க, மண்ணியல், உழவியல், நோயியல், விரிவாக்கம்னு, பசங்க பாதி தூங்கிட்டாங்க, பாதி பேரு ஹாஸ்டல் சாம்பார் பத்திப் பேசிட்டு இருந்தாங்க. அஞ்சாவது நாள் ஒரு பொண்ணு எழுந்து "மேடம் செடியை எப்ப பாப்போம்"னு கேட்டா. வெக்கமாப் போச்சு எனக்கு. அடுத்த வருஷம் பிபிடி எல்லாத்தையும் தூக்கிட்டு ஒரு நாளைக்கு ஒரே விஷயம்னு வச்சோம், காலையில ஆறு மணிக்கு வயல், வெயில் ஏறினா லேப்.

அதுல பசங்களுக்கு ரொம்பப் பிடிச்சது என்னோட துறைங்கறதுனால பெருமைக்குச் சொல்லல, நிஜமாவே மாவுப்பூச்சி நாள்தான். உங்க காட்டுலயும் பாத்திருப்பீங்க, 2020-க்கு அப்புறம் குச்சிக்கிழங்கு நுனியெல்லாம் சுருண்டு கொத்துக் கொத்தா, முடி சிக்கு விழுந்த மாதிரி நின்னுச்சே, அதுவும் ஒரு வகை மாவுப்பூச்சி பண்ணின வேலைதான். அதுக்கு முன்னாடி 2008-ல பப்பாளி மாவுப்பூச்சி கோயம்புத்தூர்ல முதல்ல தெரிஞ்சுச்சு, ரெண்டே வருஷத்துல பப்பாளி, மல்பெரி, மரவள்ளின்னு ஏறி அடிச்சுச்சு, ஜனங்க மருந்து அடிச்சு அடிச்சு ஓய்ஞ்சு போனாங்க, அது மேல வெள்ளையா மெழுகு மாவு இருக்கறதுனால மருந்து உள்ள இறங்கவே இறங்காது, நடுவுல இருந்த நல்ல பூச்சிதான் செத்துச்சு. பூச்சி நம்ம ஊருது இல்ல, மெக்சிகோ பக்கத்துது, அங்க அதைக் கட்டுப்படுத்தற எதிரி அங்கயே தங்கிடுச்சு, இது மட்டும் வந்துடுச்சு. 2010-ல போர்ட்டோ ரிக்கோவுல இருந்து அந்த எதிரிக் குளவியை பெங்களூர்ல இருக்கற பூச்சி ஆராய்ச்சி நிலையம் வரவழைச்சு, வளர்த்து, நம்ம தோட்டங்கள்ல விட்டாங்க, பேரு அசெரோபேகஸ் பப்பாயே, பேருதான் பெருசு, ஆளு ரவை அளவு கூட இருக்காது. அது மாவுப்பூச்சி வயித்துக்குள்ள முட்டை வைக்கும், குஞ்சு உள்ள இருந்தே தின்னு வளர்ந்து வட்டமா ஒரு ஓட்டை போட்டு வெளிய வரும். கொஞ்ச நாள்லயே பப்பாளித் தோட்டங்கள் பழையபடி எழுந்துச்சு. இப்ப உங்க குச்சிக்கிழங்குக்கு வந்தது வேற மாவுப்பூச்சி, அது 1970கள்ல ஆப்பிரிக்காவைப் பாடாப் படுத்தினது, அதுக்கான குளவியை ஆப்பிரிக்காவுல பெனின் நாட்டுல இருந்து கொண்டுவந்து 2022-ல ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்துல வச்சு விட்டாங்க. ஏத்தாப்பூர் உங்களுக்கு எவ்வளவு தூரம்? பஸ் ஏறினா போயிடலாம். உலகத்துல எங்கயோ நடந்த ஒரு வேலையோட கடைசி முனை உங்க ஊர்ப் பக்கத்துலதான் இருக்கு, அதை உங்க வீட்டுக்காரருக்கு யாரும் சொல்லி இருக்க மாட்டாங்க, அது எங்க ஆளுங்க தப்பு.

கேம்ப்ல என்ன பண்ணுவோம்னா ஆளுக்கு ஒரு பத்து மடங்கு லென்ஸ் குடுத்து, பப்பாளி இலையைத் திருப்பிப் பிடிச்சு மாவுப்பூச்சிக் கூட்டத்துல உப்பிப்போய் பழுப்பா நிக்கறதை மட்டும் தேடச் சொல்லுவோம், அதுக்கு மம்மின்னு பேரு, உள்ள குளவி இருக்கு. அதைக் கண்ணாடிக் குழாயில போட்டு காடாத்துணி கட்டி பேரு எழுதி வச்சுடணும். ரெண்டு மூணு நாள் கழிச்சு ஒரு காலையில குழாய்க்குள்ள ஏதோ ஓடும். இதுவரைக்கும் எத்தனையோ பசங்களைப் பாத்துட்டேன், அந்த நிமிஷம் கத்தாத பசங்க ரொம்பக் கம்மி. கத்தாம, குழாயைத் திருப்பி "ஓட்டை எந்தப் பக்கம் போட்டிருக்கு"ன்னு தேடற ஒண்ணு ரெண்டு பேரு இருப்பாங்க பாருங்க, அவங்களைத்தான் நான் மனசுல குறிச்சு வச்சுக்குவேன்.

நீங்க கேம்ப்ல இருந்து எதிர்பார்க்க வேண்டியது இதுதான். சர்டிபிகேட் இல்ல, அதைக் காட்டினா எந்த அட்மிஷன்லயும் ஒரு மார்க்கு கூடக் கிடைக்காது, தெளிவா இருங்க. பொண்ணுக்கு ஒரே இலையை அரை மணி நேரம் பாக்கப் பிடிக்குதா, சலிக்குதா, அது தெரியணும். நெல்லு ஒட்டுக் கட்ட விடுவோம், அதாவது ஒரு ரகத்துப் பூவுல இன்னொரு ரகத்து மகரந்தத்தை வச்சுப் புது விதை எடுக்கறது, பூ விரியறதுக்கு முன்னாடி உமி நுனியைக் கத்தரிச்சு உள்ள இருக்கற ஆறு மகரந்தப் பையையும் இடுக்கியால ஒண்ணொண்ணா எடுக்கணும், ஒண்ணு விட்டாலும் அது தானே தனக்கு விதை கட்டிக்கும், கை நடுங்கினா சூலகம் நசுங்கும். இருபது பூ பண்ணினா முதல் தடவை ரெண்டு நின்னா பெருசு. அதுல கண்ணுல தண்ணி வந்து எழுந்து போற பிள்ளையும் உண்டு, சாப்பாட்டு மணி அடிச்சும் எழுந்திரிக்காத பிள்ளையும் உண்டு. எழுந்து போனா ஒண்ணும் மோசம் இல்ல. ஒரு பொண்ணு பஞ்சகவ்யா வாடைக்கே வாந்தி எடுத்துட்டா, வயல் பக்கமே வர மாட்டேன்னுட்டா, ஆனா திசு வளர்ப்பு லேப்ல வாழைக் குருத்தை வெட்டி பாட்டில்ல வைக்கற வேலையில மத்த எல்லாரையும் விட நிதானம். இன்னொருத்தன் பத்தாவது நாள் வந்து "எனக்கு இது சரிப்படாது மேடம், நான் பி.காம் போறேன்"னான். நாலு வருஷம் படிச்சுட்டு சொல்றதை 12 நாள்ல சொல்லிட்டான், அவங்கப்பனுக்கு எவ்வளவு காசு மிச்சம்.

வேலை கிடைக்குமான்னு நீங்க நேரடியா கேக்கல, ஆனா அவங்கப்பா மனசுல அதுதான் ஓடும். கிடைக்கும், ஆனா வாசல்ல நின்னு கூப்பிட மாட்டாங்க. கவர்ன்மென்ட்ல டிஎன்பிஎஸ்சி வழியா வேளாண்மை அலுவலர், தோட்டக்கலை அலுவலர், பேங்க்ல ஐபிபிஎஸ் எழுதி அக்ரி ஃபீல்ட் ஆபீசர், நபார்டு, விதைச் சான்று, மேல படிச்சா ஆராய்ச்சி நிலையம், காலேஜ். சென்னையில தாவரக் குவாரன்டைன்னு ஒரு ஆபீஸ் இருக்கு, வெளிநாட்டுல இருந்து வர்ற விதை, பழம், மரக்கட்டைல பூச்சி நோய் இருக்கான்னு பாக்கறது, பப்பாளி மாவுப்பூச்சி மாதிரி இன்னொண்ணு உள்ள வராம நிக்கறது அவங்க கையிலதான், ஆனா அப்படி ஒரு வேலை இருக்குன்னே பசங்களுக்குத் தெரியாது. எல்லாத்துக்கும் போட்டி பயங்கரம், மூணு நாலு வருஷம் பரீட்சை எழுதிட்டே இருக்கற பிள்ளைங்களையும் எனக்குத் தெரியும். பிரைவேட்ல விதை கம்பெனி, மருந்து கம்பெனின்னா முதல் வேலை பெரும்பாலும் டார்கெட் வச்ச சேல்ஸ், பைக்ல வெயில்ல கடை கடையா சுத்தணும். கேம்ப்ல இதைச் சொல்ல மாட்டாங்க, நான் சொல்லிடறேன். பொண்ணுங்களுக்கு ஒத்து வருமான்னா, நான் படிச்சப்ப கிளாஸ்ல எண்ணி எட்டுப் பேரு, இப்ப நான் பாடம் எடுக்கற கிளாஸ்ல பாதிக்கு மேல பொண்ணுங்கதான்.

இப்ப முக்கியமான விஷயம், இதுக்காகவே உங்க லெட்டரை எடுத்தேன். பொண்ணு ஆறாவதுல இருந்து கவர்ன்மென்ட் ஸ்கூல்னு எழுதியிருக்கீங்க. அப்ப 2021-ல வந்த சட்டப்படி 7.5 சதவீத ஒதுக்கீடு அவளுக்கு உண்டு, டாக்டர் சீட்டுக்கு மட்டும்னு நிறைய பேரு நெனச்சுட்டு இருக்காங்க, இல்ல, வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், இன்ஜினியரிங் எல்லாத்துக்கும் இருக்கு, அந்த ஒதுக்கீட்டுல சீட்டு கிடைச்சா படிப்புக் கட்டணம் ஹாஸ்டல் கட்டணம் அரசாங்கமே கட்டுது. ஒரே நிபந்தனை, ப்ளஸ் டூவும் அதே மாதிரி கவர்ன்மென்ட் ஸ்கூல்லயே முடிக்கணும், நடுவுல யாராவது நாமக்கல் பக்கம் பெரிய பிரைவேட் ஸ்கூல்ல சேத்தா மார்க் வரும்னு சொன்னாங்கன்னு மாத்திடாதீங்க, கையில இருக்கறதைத் தொலைச்சுடுவீங்க. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்துல இளநிலைப் படிப்புக்கு நீட் கிடையாது, ப்ளஸ் டூ மார்க்குதான். அக்ரி மட்டும் இல்ல, தோட்டக்கலை, மேட்டுப்பாளையத்துல வனவியல், பட்டுப்புழு வளர்ப்பு, பி.டெக்.ல வேளாண் பொறியியல், உணவுத் தொழில்நுட்பம்னு நிறைய இருக்கு. கால்நடை மருத்துவமும் நம்ம ஸ்டேட் சீட்டுக்கு ப்ளஸ் டூ மார்க்குதான். ஒருவேளை சீட்டு கிடைக்கலைன்னு கண்ட தனியார் காலேஜ்ல பணத்தைக் கட்டிடாதீங்க, ஐசிஏஆர் (இந்திய வேளாண் ஆராய்ச்சி கவுன்சில்) அங்கீகாரம் இருக்கான்னு பேப்பர்ல கேட்டு வாங்கிப் பாருங்க, "வந்துடும்"னு வாயில சொன்னா எழுந்து வந்துடுங்க.

நீட் எழுதட்டும், வேண்டாம்னு நான் சொல்லல. ஆனா 12 நாள் கோச்சிங்ல ஒரு பொண்ணு டாக்டர் ஆயிட மாட்டா, 12 நாள் போகலைன்னா ஆகாமலும் போயிட மாட்டா. கேம்ப்பு முடிஞ்சு வந்து மிச்ச லீவுல படிக்கட்டும். அவளே "நான் மார்க்கை விட மாட்டேன்"னு அப்பாகிட்ட நேரா சொல்லணும், நீங்க நடுவுல நின்னு மொழிபெயர்க்காதீங்க.

போன் பண்ணி என்ன கேக்கணும்னா, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வயல்ல லேப்ல, எத்தனை மணி நேரம் ஹால்ல, டைம்டேபிளை வாட்ஸ்அப்ல அனுப்பச் சொல்லுங்க. முக்கால்வாசி நேரம் ஹால்ல லெக்சர், தொடக்க விழா, நிறைவு விழா, போட்டோன்னு இருந்தா 3,500 ரூபாய்க்கு நீங்க வேற ஏதாவது பண்ணலாம். டிரோன் பறக்கற படத்தைப் பெருசா போட்டிருந்தா அதுக்கு மயங்காதீங்க, அது பறக்கறதைப் பாக்க அரை மணி நேரம் போதும், ஓட்டற லைசென்ஸுக்கு எப்படியும் 18 வயசு ஆகணும். எத்தனை பேருக்கு ஒரு மைக்ராஸ்கோப்னு கேளுங்க. அப்புறம் நீங்க பயப்படற விஷயம், அதைக் கூச்சப்படாம கேளுங்க, கூச்சப்பட வேண்டியது நீங்க இல்ல: பொண்ணுங்க ஹாஸ்டல்ல ராத்திரி தங்கற வார்டன் யாரு, அவங்க நம்பர் என்ன, வயல்ல இருக்கறப்ப பாத்ரூம் எங்க, வெளிய ஊருக்குப் பஸ்ல கூட்டிட்டுப் போனா கூட லேடி ஸ்டாஃப் வருவாங்களா, போன் பேச எப்ப விடுவாங்க. இதுக்கு எரிச்சலா பதில் சொல்ற இடத்துக்கு அனுப்பவே வேண்டாம். எங்க கேம்ப்ல இதெல்லாம் கேட்ட அம்மாக்களைத்தான் எங்க வார்டனுக்கு ரொம்பப் பிடிக்கும்.

கொண்டு விடறதுக்கு உங்க வீட்டுக்காரரையே அனுப்புங்க. கேட்டுல விட்டுட்டுத் திரும்பாம உள்ள போகச் சொல்லுங்க, முதல் நாள் பெத்தவங்களை வயல் சுத்திப் பாக்க பெரும்பாலும் விடுவாங்க. யாராவது புரொபசர் கிடைச்சா குச்சிக்கிழங்கு இலையில மஞ்சள் திட்டு விழுமே, அந்தத் தேமல் நோயைப் பத்திக் கேக்கட்டும், 226-க்கு அது எவ்வளவு வருதுன்னு அவருக்குத் தெரியும், தேமல் தாங்கற ரகம் என்ன வந்திருக்குன்னு அவங்களுக்குத் தெரியும், ரெண்டு பேரும் பேசினா நேரம் போறதே தெரியாது, நான் பாத்திருக்கேன்.

பாப்பாவுக்கு முழுக்கை சட்டை ரெண்டு மூணு, கேன்வாஸ் ஷூ, தொப்பி, பெரிய தண்ணி பாட்டில், கோடு போட்ட நோட்டு ஒண்ணு குடுத்து விடுங்க, வெள்ளை டிரெஸ் வேண்டாம். உங்க காட்டுல சுருண்ட நுனி இருந்தா அதைக் காட்டறதுக்குன்னு பறிச்சு பையில போட்டு எடுத்துட்டுப் போயிடுவா, இந்த வயசுப் பிள்ளைங்க அப்படித்தான், அதை மட்டும் விடாதீங்க, மாவுப்பூச்சி ஊர் ஊரா பரவறதே இப்படித்தான். கிட்ட வச்சு, இலையைத் திருப்பி, நாலு போட்டோ எடுத்துக்கச் சொல்லுங்க, போதும்.